நல்லெண்ணெய் பூசிய கூரை

ஒரு கொலைகாரனுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்றுதான் முதலில் நம்பினேன். டிசம்பர் மாதம், லண்டனில் நோர்பரிக்குப் போகும் பஸ்ஸின் மேல்தட்டு. முன் சீட்டு மீசைக்காரர் பக்கத்திலிருந்த இளைஞரிடம் சொன்னார்:

"மேலெல்லாம் நல்லெண்ணெய் பூசி, பிளாஸ்டிக்கால இறுக்கிச் சுத்தி, கராஜுக்குள்ள வைச்சிருக்கிறன்."

பொலிசுக்குச் சொல்ல வேண்டிய இங்கிலிஷை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். சாட்சி சொல்லப் போக எந்தக் கோட்டைப் போடுவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

"அண்ணை, உங்களுக்கென்ன விசரே? காரின்ரை துணிக்கூரைக்கு ஆரும் நல்லெண்ணெய் பூசுவினமே? ஊத்தை ஒட்டும். பிளாஸ்டிக்குக்குள்ள ஈரம் நிண்டு பூஞ்சணம் பிடிக்கும்."

"தலைக்கு நல்லதெண்டா கூரைக்கும் நல்லதெண்டு நினைச்சன்."

"பனிக்கு ரோட்டில கொட்டுற உப்பைக் கழுவிப்போட்டு பெயின்டுக்கு மெழுகு பூசுங்கோ. கூரையை நல்லாக் காயவிட்டு, காத்துப் போற துணியால மூடுங்கோ."

"என்ரை மனுசிக்கெண்டு வாங்கின பெட்ஷீற் பிரிக்காமக் கிடக்குது. மூட அது காணுமே?"

"அப்ப அக்கா வந்தா எதை விரிக்கிறது?"

மீசைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"ஹீத்ரோ எயார்போட்டில இருந்து கூரையைத் திறந்துகொண்டு கூட்டிவரத்தான் இந்தக் காரையே வாங்கினனான். இந்த முறையும் விசா குடுக்கேல்லையடா."



யாரும் யாரையும் கொல்லவில்லை. நோர்பரியில் மீசைக்காரர் தனியாக இறங்கிப் போனார்.