நாலரை அடிக் கட்டில்

முதலில் அந்த அளவு நாடாவைச் சுருட்டி வையுங்கள், தம்பி. விளிம்பு கூர்மையானது, கை கிழிந்துவிடும். டீயைக் குடியுங்கள், ஆறிப்போகிறது. மேஸ்திரியைத் திட்டியது போதும். பாவம், அவர் என்ன செய்வார், வரைந்து கொடுத்ததைக் கட்டினார். வரைந்தது நான்.

உங்கள் அக்காவை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவர், ஒன்பது வருடம் ஆகிறது. இருக்கட்டும், மூத்த தம்பி வீட்டில், என் வீட்டுக்காரரிடம் இல்லாமல் வேறெங்கே இருப்பார்? ஒரே ஒரு பழக்கம்தான். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் அல்லவா, சாத்திய கதவைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. வகுப்பறைக்குள் நுழைவதுபோல் தள்ளிக்கொண்டு வருவார். குளியலறையில் தாழ்ப்பாள் போட்டால்கூட வெளியே நின்று, "ஏம்மா, உள்ள இவ்ளோ நேரம் என்ன பண்றே?" என்று பதில் வரும்வரை கேட்பார். கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார எனக்கென்று ஒரு மூலை இருந்ததில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்டீர்கள், சொல்கிறேன்.

பின்பக்கம் இரண்டு அறை இழுத்துக் கட்டலாம் என்று உங்கள் அண்ணன் சொன்னபோது, இன்ஜினியருக்கு ஏன் தண்டம் அழ வேண்டும் என்று நானே உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். வீட்டை முப்பரிமாணத்தில் வரைகிற மென்பொருள், தம்பி. இலவசம். சுவரைப் பிடித்து இழுத்தால் வரும். கட்டில், பீரோ, நாற்காலி எல்லாம் தயாராகவே இருக்கும்; எடுத்து வைக்க வேண்டியதுதான். உண்மையாகவே, அக்காவுக்குப் பன்னிரண்டுக்குப் பத்து என்றுதான் முதலில் வரைந்தேன். பக்கத்தில் எனக்கு ஒரு சின்ன அறை.

அன்று மாலை டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். "ஏம்மா, இது டீயா, டம்ளர் கழுவின தண்ணியா?" என்றார். நான் வந்து கணினியில் உட்கார்ந்து, நடுச்சுவரை அவர் பக்கமாக ஒரு சாண் தள்ளி வைத்தேன். மனசு எவ்வளவு லேசானது தெரியுமா? எதிர்த்துப் பேசி வீட்டில் சண்டை வளர்ப்பதைவிட இது மேல் இல்லையா?

அப்படியே பழகிவிட்டது. என் தங்கை வந்திருந்தபோது, "உங்க வீட்ல பொண்ணுங்களுக்கு வாய் மட்டும்தான் வளர்த்தாங்களா?" என்று கேட்டார். அது ஒரு முழு அடி. நடுச்சுவர் இனி நகராது என்றானதும் பின்சுவரைப் பிடித்தேன். துணி காயப்போட இடம் வேண்டும்தானே. மூன்று வாரத்தில் அறை ஐந்தரைக்கு ஐந்தரை ஆயிற்று. அதற்குமேல் எனக்கே மனசு வரவில்லை.

ஆனால் படத்தில் கட்டில் சுவரை இடித்துக்கொண்டு நின்றது. கட்டிலைத் தொட்டால் அதன் நீளம் ஒரு கட்டத்தில் வரும்; ஆறரை என்று இருந்ததை நாலரை என்று மாற்றினேன். அடக்கமாக உட்கார்ந்துகொண்டது. பீரோவையும் நாற்காலியையும் அதே கணக்கில் சுருக்கினேன். ஆள் இல்லாத அறை வெறிச்சென்று இருக்குமே என்று ஒரு பெண் உருவத்தைக் கட்டிலில் காலை நீட்டிப் படுக்க வைத்தேன். அவளையும் கொஞ்சம் சுருக்க வேண்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே கடல் வைத்தேன். பக்கத்து வீட்டுச் சுவர்தான் அங்கே வரும் என்றாலும், கடலும் இலவசம்தான்.

உங்கள் அக்கா படத்தைப் பார்த்து அசந்துபோனார். "பரவாயில்லையே, மைதானம் மாதிரி இருக்கு. படுத்திருக்கிறது யாரு?"

"நீங்கதான் அண்ணி."

"எனக்கு ஏது இவ்ளோ இடுப்பு?"

உடனே குறைத்துக் கொடுத்தேன். அவர் கேட்டு நான் எதை மறுத்திருக்கிறேன்?

படம் வீட்டுக்கு, அளவுத்தாள் மேஸ்திரிக்கு. மேஸ்திரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது ரூமா, பீரோ வைக்கிற இடமா?" என்று கேட்டார். "வரைஞ்சதைக் கட்டுங்க" என்றேன். தூசி ஆகாது என்று அக்கா அந்த இரண்டு மாதம் உங்கள் வீட்டில் இருந்தார். உங்கள் அண்ணன் மட்டும் ஒருநாள் செங்கல் சுவருக்கு நடுவில் நின்று, "என்னடி, கையை விரிச்சா ரெண்டு பக்கமும் இடிக்குது?" என்றார். "பூச்சு பூசாத வரைக்கும் சின்னதாத்தான் தெரியும்ங்க. சுண்ணாம்பு அடிச்சா விரிஞ்சிடும்" என்றேன். வீடு கட்டியவர்கள் எல்லோரும் சொல்வதுதானே.

அக்கா திரும்பி வந்த அன்று, அவருடைய கட்டில் உள்ளே போய் ஓரடி வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கதவு சாத்த முடியவில்லை. கதவு சாத்தாமல் ஒரு மனுஷி எப்படித் தூங்குவது? தச்சரை வரவழைத்து, படத்தில் உள்ளபடி நாலரை அடிக்கு அறுக்கச் சொன்னேன். அந்தக் காலத்துக் கட்டில்கள் எல்லாம் ஊதாரித்தனமாகச் செய்தவை என்று அக்காவுக்கு எடுத்துச் சொன்னேன்.

மறுநாள் காலையில் முதுகைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். "ஏம்மா, படத்துல காலை நீட்டித்தானே படுத்திருந்தேன்?"

"ஆமாம் அண்ணி."

"அப்ப நான்தான் பெருத்துட்டேனா?"

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம் என்பீர்கள். பெரியவர் ஒரு முடிவுக்கு வந்த பிறகு மறுத்துப் பேசுவது என் வழக்கம் இல்லை. அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினார். பிறகு காலைச் சாப்பாட்டில் பாதி. சாயங்காலம் வீட்டைச் சுற்றி நாற்பது சுற்று நடந்தார். "இன்னும் கொஞ்சம் குறைச்சா சரியாயிடும் அண்ணி" என்று தினமும் தைரியம் சொன்னேன். சாப்பாட்டைக் குறைத்தால் உயரம் எப்படிக் குறையும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கிளறவில்லை. கணக்கு டீச்சராக இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. அவர் வரலாறு.

"தம்பி, நான் நாளுக்கு நாள் பெருத்துக்கிட்டே போறேன்டா" என்று உங்களிடம் போனில் அழுதாராமே. நீங்கள் பதறி வந்து பார்த்தால் ஆள் விளக்குமாற்றுக் குச்சி மாதிரி நிற்கிறார். பிறகுதான் இந்த நாடாவை எடுத்தீர்கள்.

சரி, எல்லாம் நான்தான். சுவரை நகர்த்தியது நான், கட்டிலை அறுத்தது நான், அவரைப் பட்டினி போட்டதும் நான்தான் என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். மேஸ்திரிக்கும் தச்சருக்கும் இதில் சம்பந்தமில்லை. ஆனால் மனசில் வன்மம் வைத்துச் செய்தேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தக் குணம் எங்கள் வம்சத்திலேயே கிடையாது.

மாடியில் அக்காவுக்குப் பெரிதாக ஒரு அறை கட்டித் தர வேண்டும் என்று சொல்கிறீர்கள். நியாயம்தானே. காலையிலேயே வரைந்து முடித்துவிட்டேன், பாருங்கள். இருபதுக்குப் பதினாறு. இந்த முறை எதையும் சுருக்கவில்லை. நாடாவை வைத்து நீங்களே அளந்துகொள்ளுங்கள். நாலு பக்கமும் ஜன்னல், ஆறரை அடிக் கட்டில். படிக்கட்டுக்குத்தான் எங்கேயும் இடம் அமையவில்லை. அதனால் என்ன, இரும்பு ஏணி இருக்கிறது. அவர் ஏறும்போது கீழே நின்று நானே பிடித்துக்கொள்கிறேன். ஏறி முடித்ததும் ஏணியை எடுத்து உள்ளே வைத்துவிடலாம், மழையில் கிடந்தால் துருப்பிடிக்கும்.