ரயிலைப் பிடித்த பஸ்

பொன்னேரி ஸ்டேஷனில் பட்டணம் போகும் பகல் வண்டிக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில், பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கக் குப்பத்துப் பெண் ஒருத்தி, இறால் கூடைமேல் ஈரச் சாக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பட்டணத்திலிருந்து வந்த வண்டியில் இறங்கிய மரைக்காயர் ஒருவர் அவளைப் பார்த்ததும் நின்றார்.

"இன்னாம்மா, காலை வண்டிய உட்டுட்டியா? பழவேற்காட்டு பஸ்ஸு இன்னிக்கு கரெக்டா வந்து சேந்துச்சே!"

"அது கரெக்டா வர்றதுதான் மரைக்காயரே பேஜாரு."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"முன்னெல்லாம் டிரைவரு ஏரியப் பாத்துக்கினே நிப்பாரு. தூரத்துல எங்க படகு தெரிஞ்சா வண்டிய எடுக்கமாட்டாரு. நாங்க கரைக்கு வந்து ஏறுனப்புறந்தான் கெளம்பும்."

"அதனாலதானே பாதி நாளு ரயிலு போயிடுச்சு? நான்தான் பஸ் மொதலாளிகிட்ட சண்ட போட்டு, ரயிலுக்குத் தக்கன டைம் வைக்கச் சொன்னேன்."

"வச்சிட்டாரு. இன்னிக்கு எதிர்காத்து. நாங்க கரைக்கு வரசொல்ல பஸ்ஸு தூசி கெளப்பிக்கினு போவுது. கைய ஆட்டிக் கத்துனோம், நிக்கல. இந்த வெயில்ல மதியானம் கொண்டுபோனா எறாவ யாரு வாங்குவாங்க?"

மரைக்காயர் கூடையையே பார்த்தார். சாக்கு பாதி காய்ந்துவிட்டிருந்தது.

"உங்களுக்கு ரயிலு கெடைச்சிதா?"

"கெடைச்சிது."

"பஸ்ஸுல எத்தினி பேரு வந்தீங்க?"

தூரத்தில் எங்கள் வண்டியின் புகை தெரிந்தது. அவள் எழுந்தாள். அவர் குனிந்து, கூடையை அவள் தலைக்கு ஏற்ற ஒரு கை கொடுத்தார்.

"நான் ஒருத்தன்தான்மா."