மச்சானுக்காக ஓடிய பதினொரு கிலோமீட்டர்

"வாட்சை ஏன் கழட்டினீங்க..."

"முதல்ல என்னைச் சொல்ல விடேன்..."

"அவன் கையிலருந்து அதை ஏன் கழட்டினீங்க?"

"வாரம் இன்னும் முடியலையே."

இன்ஸ்பெக்டர் ஐயா, குறுக்கே பேசுகிறவள் என் மனைவி. இறந்தவன் அவள் தம்பி. அவளுக்கு ஓட்டம் பிடிபடாது. வாரம் ஞாயிற்றுக்கிழமையோடு முடிவதும், அதற்குள் நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடியாக வேண்டும் என்பதும் நான் போட்ட சட்டமல்ல. எங்கள் ஓட்டக் குழுவின் வழக்கம்.

மச்சானை இதில் இழுத்துவிட்டது நான்தான். சோபாவோடு சோபாவாகக் கிடந்தவன், ஒரே வருடத்தில் ஆறு கால்விரல் நகங்களை உதிர்த்தான். மாடிப்படியைப் பின்பக்கமாகத்தான் இறங்குவான். அவ்வளவு முன்னேற்றம். உடம்பு பொய் சொல்லும், நம்பாதே என்று சொல்லிக் கொடுத்திருந்தேன்.

ஞாயிறு காலை, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏரியைச் சுற்றினோம். ஒரு சுற்று ஐந்தரை கிலோமீட்டர். நான்காவது சுற்றின் முடிவில், "நெஞ்சைப் பிசையுது அத்தான்" என்றான்.

"பொய்டா அது."

சிரிக்கப் பார்த்தான். பிறகு வேலியோரம் சரிந்தான்.

இன்னும் இரண்டு சுற்று பாக்கி. ஐம்பத்தோரு வாரம் ஒன்றுகூடத் தவறவிடாதவன். அதைப் பாழாக்க எனக்கு மனசு வரவில்லை. அவன் வாட்சைக் கழற்றி என் வலது கையில் கட்டிக்கொண்டு அவனுக்கும் சேர்த்து ஓடினேன். அவன் இடுப்பிலிருந்த தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டேன். படுத்திருப்பவனுக்கு என்ன தாகம்.

ஒரு சுற்று முடித்து அவனைக் கடந்தபோது கையைத் தூக்கினான். உற்சாகப்படுத்துகிறான் என்று நானும் தூக்கினேன். அடுத்த சுற்றில் தூக்கவில்லை. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். மொத்தம் ஐம்பத்தெட்டு நிமிடம். என் வயதுக்கு நல்ல நேரம். அரை மணிக்குள் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்கிறார் டாக்டர். அவர் ஓடுகிற ஆளாகத் தெரியவில்லை.

எதையும் நான் மறைக்கவில்லை ஐயா. குழுவின் ஆப்பில் அவன் பெயரில் அந்த வாரம் நூற்றைம்பது என்று முழுசாக இருக்கிறது. குழுவில் பதினேழு பேர் கைதட்டியிருக்கிறார்கள். கூடப்பிறந்தவள்கூட அவனுக்கு இவ்வளவு செய்ததில்லை.

"அவன் வாட்ச் காட்டறதெல்லாம் என் போன்ல தெரியும்ங்க. நாலாவது சுத்துல நின்னுட்டான்னு பார்த்ததும் செருப்பை மாட்டிட்டேன். கதவைத் திறக்கறதுக்குள்ள மறுபடி ஓட ஆரம்பிச்சுட்டான். நாடியும் நல்லா அடிச்சுது. அப்பாடான்னு செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு உள்ள வந்து உட்கார்ந்தேன். அது யார் நாடிங்க?"