இல்லாத கையின் பிடி

ஹலோ... ஹலோ, பிசியோ மேடமா? நான்தான், சலூன்காரர் வீட்டம்மா... ஆமா, ஆமா, இடது கை போனவர்தான். ...நல்லால்ல மேடம். இல்லாத கை இறுக்கி மூடியே கிடக்குற மாதிரி வலி, தாங்கல, ஆஸ்பத்திரிக்குப் போயி இன்னும் கொஞ்சம் மேல வெட்டிக்கப் போறேன்னு சட்டைய மாட்டிட்டு நிக்கிறார். கொழுந்தனார் வேற வாசல்ல வண்டியோட காத்திருக்கார்.

...சொன்னேனே. வலி வெட்டின எடத்துல இல்ல, மூளையில இருக்கு, எவ்வளவு வெட்டினாலும் கூடவே வரும்னு நீங்க சொன்னத அப்படியே சொன்னேன். 'அப்ப தலைய வெட்டச் சொல்லு'ங்கிறார்.

...கண்ணாடியா? வச்சோம், வச்சோம். ஒரு மாசமா ரெண்டு வேள. நல்ல கைய நீட்டி, கண்ணாடியில பாத்து, மூடி மூடித் திறந்தார். ...கண்ணாடியில தெரியுறது போன கைதான்னு மூளை நம்பணும், புரியுது. இவர் நம்பினாத்தான? இருபத்தாறு வருஷமா கண்ணாடியப் பாத்தே முடி வெட்டினவர். 'இது என் வலது கை, யாருகிட்ட கத விடுற'ங்கிறார். ...சிரிக்காதீங்க மேடம், எனக்குப் பத்திக்கிட்டு வருது.

...இருங்க தம்பி, பேசிட்டிருக்கேன்ல.

...என்னது, என் கையா? ...பின்னால உக்காந்து, என் இடது கைய அவர் கை மாதிரி நீட்டணுமா? ...சரி, சரி. ஏங்க, இங்க வாங்க. செருப்ப அப்புறம் மாட்டலாம்.

...வளையல் கழட்டியாச்சு. தோள மூடியாச்சு, கடையில போத்துற துணிதான். கை மட்டும் தெரியுது. ...ஏங்க, என் மூஞ்சில என்ன இருக்கு? கையப் பாருங்க.

...ம், இறுக்கி மூடிட்டேன். நகம் குத்துது. ...அவருக்கும் அங்கதான் குத்துதாம். ...சரி, மெதுவா... கட்டைவிரல்...

...கண்ண எடுக்காம கையவே பாக்குறார் மேடம். அவருக்கு வேர்த்துக் கொட்டுது. எனக்குப் பயமாயிருக்கு. ...அவசரப்படல, அவசரப்படல... நடுவிரல்...

...'திறக்குது'ங்கிறார். மேடம், திறக்குதாம்... எட்டு மாசமா மூடியே கிடந்த கை...

...நல்ல கையால என் உள்ளங்கையத் தடவிப் பாக்குறார். தொடுறது அங்க தெரியுதாம், இல்லாத கையில.

...புரியுது, வலி மறுபடி வரும், மறுபடி பண்ணணும். தினம் பண்றேன். ...தம்பி, நீங்க கிளம்புங்க. அண்ணன் வரலயாம்.

...எடுக்கலாமா கைய? ...நீங்க எடுக்கலாம்னுதான் சொல்றீங்க, இவர் விட மாட்டேங்கிறார். ஒத்தக் கையால எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறார் மேடம்... வைக்கிறேன்.