நாற்பத்தோராம் பக்கம்

— மறுபடியும் சௌசௌவா?

— மறுபடியும் சௌசௌதான், டாக்டரய்யா. உப்பில்லாம வேகவெச்சது. கூட சோளக்கஞ்சி. சக்கரை கிடையாது.

— வீடு பூரா மோலே குழம்பு வாசம், எர்மினியா. மிளகாயைக் கருக வறுத்து, சாக்லேட் கரைச்சு... காலையில இருந்து மூக்கைத் துளைக்குது.

— அது செத்தவங்களுக்கு. இன்னைக்கு அவங்க வர்ற நாளில்ல? படையல்ல ரெண்டு தட்டு வெச்சிருக்கேன். ஒண்ணு உங்க வீட்டம்மாவுக்கு.

— எனக்கு ஒரு கரண்டி குடு.

— புஸ்தகத்துல இல்லையே.

— எந்தப் புஸ்தகம்?

— நீங்க எழுதினதுதான். அடுப்புக்கு மேல சாத்தி வெச்சிருக்கேன். நாப்பத்தோராம் பக்கம். நரம்புத் தளர்ச்சிக்கு உப்பு ஆகாது, மிளகாய் ஆகாது, இனிப்பு ஆகாது, கறி ஆகாது. ருசி நரம்பைக் கிளறிவிடும்.

— எனக்கு நரம்புத் தளர்ச்சி இல்லடி, கிறுக்கி. இடுப்பெலும்புதான் முறிஞ்சது. புரியுதா?

— மார்ச்சுல இடுப்பு மட்டும்தான். அப்ப பேப்பர் படிப்பீங்க, ரேடியோக்காரனைத் திட்டுவீங்க, என்னை அதைவிடத் திட்டுவீங்க. இப்ப பேப்பர் மடிச்சது மடிச்சபடி கெடக்கு. நேத்து சாயங்காலம் எதுக்கு அழுதீங்க?

— தெரியல.

— முந்தாநாளு?

— தெரியலன்னு சொல்றேன்ல. சும்மா வருது. எந்திரிக்கணும்னே தோணல. வயசாச்சு, அவ்வளவுதான்.

— தெல்பினாவுக்கு இருபத்தாறு வயசு.

— யாரு அது?

— பாத்தீங்களா. பேரு கூட நிக்கல. உங்க ஆசுபத்திரி மேல்மாடி, மூணாவது கட்டில். பெத்த பிள்ளை செத்துப்போச்சு, தூக்கம் போச்சு. ஒரு மாசத்துல சரிபண்ணி அனுப்புறேன்னீங்க.

— எத்தனையோ பேரு வந்தாங்க, போனாங்க.

— எந்தங்கச்சி போகல. பதினோரு மாசம் சௌசௌவும் கஞ்சியும். வரும்போது அழுதா, பாடினா, கதவை உதைச்சா. நீங்க மாசாமாசம் கடுதாசி போட்டீங்க. ஒரே வரி. ‘நோயாளி அமைதியாக இருக்கிறார்.’ அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு எங்கம்மா நெத்தியில சிலுவை போட்டுக்குவா.

— கத்துனவ அடங்கினா அது குணம்தானே? அதைத்தானே எல்லாரும் கேட்டீங்க?

— அந்த வருசம் இதே நாள்ல நான் எங்க ஊரு ஒகோத்லான்ல இருந்து பஸ் ஏறி வந்தேன். துணிக்குள்ள ஒளிச்சு மோலே கொண்டாந்தேன். ஒரு வாய் தின்னா. என்ன சொன்னா தெரியுமா?

— என்ன சொன்னா?

— அப்புறம் சொல்றேன். வாயைத் திறங்க.

— எனக்கா? நெசமாவா?

— வான்கோழித் தொடை. படையல்ல இருந்து இப்பத்தான் எடுத்தேன்.

— படையல்ல இருந்தா? செத்தவங்க வந்து வாசத்தை உறிஞ்சிட்டா மிச்சத்துல ருசியே இருக்காதும்பாங்களே உங்க சனங்க.

— நீங்க படிச்சவரு, அதையெல்லாம் நம்பலாமா? திறங்க... நல்லா மென்னு முழுங்குங்க. எப்படி இருக்கு?

— உப்பு போட்டியா?

— போட்டேன்.

— மிளகாய்?

— பதினாறு. விதையோட.

— இல்ல... என்னமோ பண்ணியிருக்க. மண்ணு மாதிரி இருக்கு. ஒண்ணுமே தெரியல, எர்மினியா. இன்னொரு வாய் குடு. ஒண்ணுமே தெரியல.

— ‘ஒண்ணுமே தெரியலக்கா.’ இதேதான் சொன்னா. மறுவாரத்துல இருந்து கஞ்சியையும் நிறுத்திட்டா. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி புதைச்சோம்.

— அதுக்குத்தான் இந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சியா? எட்டு மாசமா இதுக்குத்தானா?

— நான் நுழையல. உங்க பொண்ணுதான் ஊரு தேடி வந்து கூப்பிட்டாங்க. தெய்வமே வழி விட்டுதுன்னு வந்துட்டேன்.

— அவளுக்கு நீ யாருன்னு தெரியாது. தெரிஞ்சா இன்னைக்கே தெருவுல நிப்ப, புரியுதா? லியோனோர்! லியோனோர்!

— எதுக்கு இப்படிக் கத்துறீங்க? அந்தா, செண்டுமல்லிக் கட்டோட வந்துட்டாங்க.

— லியோனோர், இவ என்னைக் கொஞ்சங்கொஞ்சமாக் கொல்றாம்மா! என் ஆசுபத்திரியில செத்த ஒருத்தியோட அக்கா இவ. சாப்பாட்டாலயே என்னைக் கொல்றா!

— அப்பா எப்படி இருக்காரு, எர்மினியா?

— நோயாளி அமைதியா இருக்காரு, சின்னம்மா.

— எங்கம்மாவைப் பத்திக் கேட்டப்பவும் இவரு எனக்கு அதையேதான் சொன்னாரு. அதே மேல்மாடியில அம்மாவுக்கு நாலாவது கட்டில். சின்னப் பிள்ளையில அம்மாவைப் பாக்கப் போறப்பல்லாம் மூணாவது கட்டில்ல இருந்த அக்காதான் எனக்குப் பாட்டு சொல்லிக் குடுத்தா. ஊரு ஒகோத்லான்னும் சொன்னா. தட்டைப் படையல்லயே வெச்சிடுங்க, எர்மினியா. அப்பா, கஞ்சி ஆறுது. குடிங்க.