ரெண்டாவது ஸ்லைடு

தொடாதடா கழுத்த. தொட்டுத் தொட்டுப் பாத்தா கரைஞ்சிடுமா? நெறி கட்டியிருக்கு, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நாப்பத்தொண்ணு வயசாச்சு, ரெண்டு புள்ளைக்கு அப்பன், லேப்ல இருக்கிற அக்காகிட்ட வந்து டாக்டருக்குத் தெரியாம பாத்துச் சொல்லுன்னு கேக்கற. எனக்கு மெழுகுல பதிச்ச சதைய மெலிசா வெட்டத் தெரியும். கழுத்தத் தடவி ஜோசியம் சொல்லத் தெரியாது.

உக்காரு. அந்த டிராயர்ல சாயாத, தள்ளி உக்காரு.

மாத்திரைய நிறுத்தி எத்தன மாசம்? நாலா. ஏன்டான்னு கேட்டா இந்தப் பேப்பர நீட்டற. பர்ஸ்லயே வெச்சிருக்கியா, பெரிய பட்டம் வாங்கினவன் மாதிரி. ரத்தத்துல ஹெச்ஐவி தெரியலன்னு போட்டிருக்கு. மாத்திரை அமுக்கி வெச்சிருந்துது, அதனால தெரியல. உடனே ஐயாவுக்கு சீக்கு போயிடுச்சு.

இங்க வா. மைக்ராஸ்கோப்புல பாரு. மூக்குக் கண்ணாடிய கழட்டுடா மொதல்ல. நீலமா கடுகு கொட்டின மாதிரி தெரியுதா? அதெல்லாம் வெள்ளை அணு. இது யாரோ ஒருத்தரோட நெறிக்கட்டி, நல்லா இருக்கிற கட்டி. சிடி ஃபோர்னு ஒரு அணு இருக்கு, மத்த அணுவுக்கெல்லாம் வேலை சொல்றது. அது குடியிருக்கிறதே இங்கதான். ரத்தத்துல சுத்தறது நூத்துல ரெண்டோ மூணோ. ரோட்ட எட்டிப் பாத்துட்டு வீட்டுக்குள்ள திருடன் இல்லன்னு சொல்ற ஆளு நீ.

வைரஸ் இதுக்குள்ளதான் பதுங்கும். மாத்திரை போட்டா பெருக முடியாது, ஆனா சாகாது. நிறுத்தினா ரெண்டு மூணு வாரத்துல கெளம்பிடும். கெளம்பி என்ன பண்ணும்? ஒரு அணுவுக்குள்ள அரைகுறையா நுழையும். அதுக்கே அந்த அணு தானா வெடிச்சுச் செத்துப்போகும். வெடிச்ச எடம் வீங்கும். வீக்கத்தப் பாத்து மத்த அணுவெல்லாம் உதவின்னு ஓடி வரும், வந்து அதுவும் சாகும். நம்ம சொந்தக்காரங்க மாதிரின்னு வெச்சுக்கயேன், ஒரு வீட்ல பிரச்னைன்னா பத்துப் பேர் போய்ப் பெருசாக்குவாங்களே. இப்படிச் சாகறதுதான்டா நெறைய.

என்ன சிரிப்பு? உன் கழுத்துலயும் அந்தக் கூட்டம் கூடியிருக்கலாம்.

இப்ப ரெண்டாவது ஸ்லைடு, இது வேற ஒருத்தரோட நெறிக்கட்டி. என்ன தெரியுது? ஆமா, ரோஸ் கலர்ல நார் நாரா. தழும்பு அது. நீலத்தத் தேடாத, நானும் எவ்வளவோ தேடிட்டேன். வீங்கி வீங்கி, கட்டி முழுக்கத் தழும்பாயிடுச்சு. புதுசா அணு வந்தாலும் தங்க எடம் கெடையாது. அப்புறம் ஒரு சளி போதும், ஆளத் தூக்கிடும்.

இவரும் உன்ன மாதிரி புத்திசாலிதான். பேப்பர் சுத்தமா வந்துடுச்சுன்னு நிறுத்தினாரு. பர்ஸ்ல இல்ல, பீரோல சட்டைக்கு அடியில வெச்சிருந்தாரு. அவரு பொண்டாட்டின்னு ஒருத்தி இருந்தாளே, அவள மாதிரி ஒரு முட்டாள நான் பாத்ததே இல்ல. பகல்ல இந்த மாதிரி கட்டிய வெட்டறவ, சாயங்காலம் வீட்டுக்குப் போய் அந்தப் பேப்பரப் பாத்துப் பூரிச்சுப் போனா. மிச்சம் இருந்த மாத்திரைய அவளேதான் குப்பைல கொட்டினா.

யாரா? ஸ்லைடு ஓரத்துல பென்சில்ல நம்பர் எழுதியிருக்கு பாரு. யாரு கையெழுத்து அது?

ஆமா. என் கையெழுத்துதான். கட்டி உங்க மாமாவோடது. நிமோனியான்னு எல்லாருக்கும் சொன்னேன். நிமோனியாதான், அது ஏன் வந்துதுன்னு சொல்லல. சொந்தக்காரங்க சாம்பிள நாங்க வெட்ட மாட்டோம், பக்கத்து மேஜைக்குக் குடுத்துடுவோம். எனக்குக் குடுக்க மனசு வரல. நானே வெட்டினேன். கை கூட நடுங்கல, அது இன்னிக்கும் எனக்கு அசிங்கமா இருக்கு.

அழுது என்ன ஆகப்போவுது, மூஞ்சியத் தொடச்சுக்க. மேல ரெண்டாவது மாடி, பதினாலாம் நம்பர் ரூம்ல டாக்டர் இருப்பாங்க. நாலு மாசம் நிறுத்தினத மறைக்காம சொல்லு. பழைய மாத்திரைய நீயா எடுத்து முழுங்காத, அவங்க ரத்தம் பாத்துட்டுச் சொல்லட்டும். இரு, நானும் வரேன். உன்ன நம்பித் தனியா அனுப்ப முடியாது.

கொஞ்சம் நகரு, அந்த டிராயரத் தொறக்கணும். மணி பத்தாச்சு, மாத்திரையப் போட்டுட்டு வந்துடறேன். எந்த மாத்திரையா? நீ நிறுத்தினியே, அதே மாத்திரைதான். அஞ்சு வருஷமா ஒரு நாள் விட்டதில்ல. அந்தத் தண்ணி பாட்டில எடு.