இரண்டாவது கையெழுத்து

காற்று வீசும்போது பறவை பார்ப்பதில் முதல் தொல்லை, கண்ணில் தண்ணீர் கட்டிக்கொள்வது. அதனால்தான் நாங்கள் அந்தக் கடல்வளைவுக்குப் போவோம். மூன்று பக்கமும் பாறை. வெளியே கடல் கொந்தளிக்கும் குளிர்காலத்தில் பறவைகளும் அங்கேதான் வந்து ஒதுங்கும்.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். ஊரில் பாதிப் பேர் என் புண்ணியத்தில்தான் பேப்பர் படிக்கிறார்கள். என் கண்ணை நம்பாத ஒரே ஆள் என் அக்கா வீட்டுக்காரர். மச்சான் கடை கடையாகப் போய்த் தராசு சோதித்து ஓய்வு பெற்றவர். முள் நடுவில் நிற்காவிட்டால் எதற்கும் தலையாட்ட மாட்டார்.

எங்கள் பறவைச் சங்கத்தில் ஒரு விதி உண்டு. அரிய பறவை என்றால் இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் பதிவேட்டில் ஏறாது.

நான்கு வருடத்துக்கு முன்னால் அங்கே ஒரு கறுப்புக் கடல்வாத்து இறங்கியது. ஆரஞ்சு நிற அலகு. இந்தக் கரையில் அதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்து மச்சான் குனிந்து பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். நிமிர்வதற்குள் அது போய்விட்டது.

"நான் பாக்கல மாப்ளே. பாக்காததுக்கு எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

"அப்போ நான் பொய் சொல்றேனா மச்சான்?"

"பொய்ன்னு யாரு சொன்னா? நான் பாக்கல, அவ்வளவுதான்."

அதோடு விட்டாரா என்றால் இல்லை. வீட்டுக்குப் போனால், "என்ன மாப்ளே, வாத்து சௌக்கியமா?" என்பார். அக்காவும் சிரிப்பாள். சங்கக் கூட்டத்தில் என் முதுகுக்குப் பின்னால் யாரோ வாத்து மாதிரி கத்தினார்கள். நான்கு வருடம் எனக்குச் சோறு ஒழுங்காக இறங்கவில்லை.

அன்று காலை எட்டு முப்பத்தெட்டுக்கு அது திரும்பி வந்தது. அதே அலகு. அன்று வளைவுக்குள்ளும் புகுந்த காற்றில் தொலைநோக்கியின் முக்காலி நடுங்கியது. மச்சானுக்கு வெறும் தண்ணீர்தான் தெரிந்தது.

"ஒண்ணும் தெரியலையே. இரு, கீழ இறங்கிப் பாக்குறேன்."

பாசி பிடித்த பாறை. எட்டு நாற்பத்தொன்றுக்கு வழுக்கிக் கடலில் விழுந்தார்.

கயிறு என் பையில் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. "மாப்ளே, கயித்தப் போடு" என்று அவர் கத்தியதும் நன்றாகவே கேட்டது. போட்டிருந்தால் ஏறி வந்திருப்பார். ஆனால் நான் எழுந்தால் வாத்து பறந்துவிடும். ஏறி வந்தவர் தலையைத் துவட்டிக்கொண்டே என்ன சொல்லியிருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். "பாக்கல மாப்ளே" என்பார். இன்னும் நான்கு வருடம் நான் எங்கே போய்க் காத்திருப்பது? நீங்களே நியாயமாக யோசித்துப் பாருங்கள் ஐயா.

நேரம் கேட்டீர்கள். என் நோட்டில் இருக்கிறது: '8.52. கூச்சல் நின்றது. வாத்து மறுபடியும் முங்கி இரை தேடுகிறது.'

அதற்குக் கீழே இரண்டாவது கையெழுத்தை மச்சான் பெயரில் நானே போட்டேன். அது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பதினோரு நிமிடமும் அவர் வாத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தார். இந்த முறை நிச்சயம் பார்த்திருப்பார்.